மருந்துக்கடைக்காரரின் குன்றில் வெள்ளி கடந்தது

சென்ற வசந்தத்தில், ஜேர்மனியின் பான் நகரில் நான் வேலை செய்த ஒளியியல் பட்டறையில் ஒரு புதிய இயந்திரத்தைப் பூட்டினார்கள். வில்லையை அதனுள் வைத்துக் கதவை மூடிவிட்டால் போதும். அரைப்பது, மினுக்குவது, அளப்பது எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும். திறப்பு விழாவுக்கு ஓய்வு பெற்றவர்களையும் அழைத்திருந்தார்கள். அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வலது தோள்மூட்டைக் கேட்டால், இது இன்னும் முந்தியே வந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்லும்.

கோப்பி குடிக்கும்போது இப்போதைய வேலையாட்கள் சுற்றி நின்று, "நீங்கள் செய்ததில் மறக்க முடியாத வேலை எது?" என்று கேட்டார்கள். பதில் உடனே வாய்க்கு வந்துவிட்டது. ஆனால் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. அன்று டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், பாதி சொன்னேன். மிச்சத்தையும் சேர்த்து இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் கணிதம் படித்தவள். ஜேர்மனிக்கு வந்தபோது அந்தப் படிப்பைக் காட்ட ஒரு கடதாசியும் கையில் இருக்கவில்லை. எனக்கு முந்தியே வந்துவிட்ட என் கணவர் யோகன் ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத்தில் வேலை செய்தார். நான் சில ஆண்டுகள் அலுவலகங்களைத் துப்புரவு செய்தேன். அவற்றில் ஒன்று இந்தப் பட்டறையின் அலுவலகம். ஒரு நாள் சுவரில் ஒட்டியிருந்த வில்லையின் வரைபடத்தைத் துடைப்பத்தைப் பிடித்தபடி வாசித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த மனிதர் ஒருவர், "எந்தப் பக்கம் வளைவு கூட?" என்று கேட்டார். நான் விரலால் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த கிழமை, Ausbildung எனும் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க விருப்பமா என்று கேட்டு என்னை அழைத்தார்கள். கூடப் படித்தவர்கள் எல்லோரும் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள். மூன்றரை ஆண்டு படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் ஆண்டு முழுக்கக் கண்ணாடியைக் கெடுத்தேன், இரண்டாம் ஆண்டு குறைவாகக் கெடுத்தேன், மூன்றாம் ஆண்டு கெடுக்கவில்லை.

வரைபடத்தைப் பற்றிக் கேட்ட அந்த மனிதர்தான் எங்கள் மைஸ்ரர், ஹெர் ப்ரூக்னர். பட்டறையில் எல்லோருக்கும் மேலானவர். கடைசி வரை என்னைத் திருமதி என்ற பொருளில் "ஃப்ரௌ கந்தையா" என்றுதான் கூப்பிட்டார். கந்தையா என் தகப்பனாரின் பெயர். முதல் சில மாதங்கள் அவர் கூப்பிடும்போதெல்லாம் அப்பாவைத்தான் யாரோ தேடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

ஹெர் ப்ரூக்னர் சத்தம் போட மாட்டார். யாராவது பிழை விட்டால் எழும்பிப் போய் வானொலியை நிறுத்துவார். அவ்வளவுதான். பட்டறை முழுக்க அமைதியாகிவிடும். பிழை விட்டவர் தானே எழுந்து போய்ச் சொல்லிவிடுவார். வில்லை நன்றாக வந்தால் பாராட்டவும் மாட்டார். அதைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போய் அலுமாரியில் வைப்பார். மற்றவர்களுடைய வில்லையை அவர் சுமந்துகொண்டு போவதைப் பார்த்து நாங்கள் பொறாமைப்பட்டிருக்கிறோம்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. வில்லையைத் தொடுமுன் இரண்டு கையையும் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது, ஜன்னலோரம் நின்று தானாகக் காயவிட வேண்டும். கை காயும் நேரம்தான் யோசிக்கும் நேரம் என்பார். மற்றது, எந்த வேலையைத் தந்தாலும் ஒரு கேள்வி கேட்பார்: "இதன் வழியாகப் பார்க்கப்போவது யார்?" மருத்துவரா, நில அளவையாளரா, கப்பல்காரரா என்று தெரியாமல் வேலையைத் தொடங்க விட மாட்டார்.

மினுக்குகிற வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தார்போன்ற கீலைச் சூடாக்கி வில்லையின் வளைவுக்கு ஏற்ற அச்சாக வார்ப்போம். அதன் மேல் சிவப்புப் பொடியும் நீரும் விட்டு வில்லையை வட்டம் வட்டமாக ஓட்டுவோம். பிறகு அளவு சரியென்று தெரிந்த சோதனைக் கண்ணாடியை அதன் மேல் வைப்போம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காற்றுப் படலத்தில், எண்ணெய் சிந்திய நீரில் தெரிவதுபோல வர்ண வளையங்கள் தோன்றும். வளையம் வட்டமாக இருந்தால் சரி. நெளிந்திருந்தால் அந்த இடத்தில் மேடோ பள்ளமோ இருக்கிறது. வில்லையில் விரல் பட்டால் அந்தச் சூட்டுக்கே கண்ணாடி புடைத்து வளையம் நெளிந்துவிடும். ஆறும்வரை காத்திருந்துதான் மறுபடி பார்க்க வேண்டும். இந்தக் காத்திருப்பு எனக்கு வலுவாகப் பிடித்துப்போனது.

இனி அந்த வேலைக்கு வருகிறேன்.

இந்த நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பனி கொட்டும் மாரிகாலம் முடிகிற நேரத்தில், ரைன் ஆற்றங்கரையின் ஒரு சிற்றூரிலிருந்து ஃப்ரௌ வெஸ்ஸெல்ஸ் என்ற பெண் வந்தார். ட்ராம் ஓட்டுநர். ஊரின் வான்நோக்குவோர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. மடியில் ஒரு துவாய்ச் சுருளை வைத்துக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே பித்தளை வளையத்தில் பூட்டிய ஒரு பெரிய வில்லை. பழைய தொலைநோக்கி ஒன்றின் முன்வில்லை அது.

அந்தத் தொலைநோக்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவருடையது. அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்க இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்று ஃப்ரௌ வெஸ்ஸெல்ஸ் சொன்னார். பாதிரியார், மது வடிப்பவர், பள்ளி ஆசிரியர், வணிகர் என்று பல பேர். யாரும் கேட்காமல், யாரும் சம்பளம் தராமல், தங்கள் வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கியை நட்டுச் சூரியனின் கரும்புள்ளிகளையும் சந்திரனின் குழிகளையும் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தவர்கள். இந்த மருந்துக்கடைக்காரர் திராட்சைத் தோட்டத்துக் குன்றில் ஒரு மரக்குடிசை கட்டினார். அதன் கூரையைத் தண்டவாளத்தில் தள்ளிவிட்டால் மேலே வானம் திறந்துவிடும். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுக் குன்றேறிச் சூரியனை வரைவார். நோயாளிகள் மருந்துக்கு அங்கேயே ஏறி வருவார்களாம்.

"அவர் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான்," என்றார் ஃப்ரௌ வெஸ்ஸெல்ஸ். "வெள்ளி சூரியனின் முகத்தைக் கடப்பதைப் பார்க்க வேண்டும் என்று. அவர் காலத்தில் இரண்டு முறை நடந்தது. முதல் முறை நமக்கு அது இரவு. இரண்டாம் முறை டிசம்பரில், சூரியன் மறையப்போகிற நேரம். ஊரே குன்றில் ஏறி அவரோடு நின்றது. மேகம் விலகவேயில்லை. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் கிடையாது என்று அவருக்குத் தெரியும். தொலைநோக்கியை ஊருக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்."

"அடுத்தது எப்போது?" என்று ஹெர் ப்ரூக்னர் கேட்டார்.

"இந்த ஜூன் மாதம். காலையில் தொடங்கி மத்தியானம் தாண்டும் வரை. முழுவதும் நமக்குத் தெரியும்."

பிரச்சினை வில்லைதான். பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ கழற்றித் துடைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அதில் எதைப் பார்த்தாலும் பால் படிந்த கண்ணாடிக்குள்ளால் பார்ப்பதுபோல இருக்கிறது. கண்ணாடி செத்துவிட்டது என்று ஒரு வியாபாரி சொல்லிவிட்டாராம். ஊர்ச் சபையில் பண்பாட்டுப் பொறுப்பில் இருந்த ஹெர் டாமன், புதிய தொலைநோக்கி ஒன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டார். குன்றில் தொலைநோக்கியைத் தாங்க இருப்பது ஒரே ஒரு கல்தூண். மே மாதக் கடைசியில் சபை கூடும்போது பழையது சரிவரவில்லை என்றால், தூணில் புதியது ஏறும். பழையது நகரமண்டபப் படிக்கட்டில் அலங்காரமாகத் தொங்கும்.

ஹெர் ப்ரூக்னர் வில்லையை ஜன்னலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "கண்ணாடி சாகவில்லை. ஆனால் இந்த வேலையை நான் செய்ய ஏலாது."

அவருக்குக் கண்ணில் விழித்திரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். கோடை வரை கூர்ந்து பார்க்கும் வேலை கூடாது. வேறு பட்டறையைக் காட்டத்தான் அவர் வாயெடுத்தார்.

"நான் செய்கிறேன்," என்றேன்.

அதுவரை புதிய வில்லைகளைத்தான் செய்திருந்தேன். அவை உடைந்தால் இன்னொன்று செய்யலாம். இதைச் செய்தவர் மண்ணாகி எத்தனையோ காலம். ஹெர் ப்ரூக்னர் என்னைப் பார்த்தார். "உடைத்தால் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். பழைய மேற்பரப்பை மட்டும் மினுக்காதீர்கள். அதை ஒருவன் கையால் வளைத்திருக்கிறான். மினுக்கினால் அவன் செய்தது போய்விடும்." அவ்வளவுதான் கட்டளை.

இப்படிப்பட்ட முன்வில்லை உண்மையில் இரண்டு வில்லைகள். முன்னே ஒரு குவிவில்லை, பின்னே ஒரு குழிவில்லை. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை போன்ற இடைவெளி. அந்த இடைவெளியைக் காப்பதற்கு ஓரத்தில் மூன்று இடத்தில் சின்னஞ்சிறு வெள்ளீயத் தாள் துண்டுகள் வைத்திருப்பார்கள். பூட்டு வளையம் பல்லாண்டுப் பச்சைக் களிம்பேறி இறுகிப்போயிருந்தது. பலத்தைக் காட்டினால் கண்ணாடி ஓரம் தெறிக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெந்நீரில் நனைத்த துணியைப் பித்தளையைச் சுற்றிக் கட்டி, கையால் மட்டும் திருப்பிப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு மேல் அசையவில்லை. பிறகு ஒரு காலை, போத்தல் மூடியைப்போல இலேசாகத் திரும்பியது. நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வில்லைகளை வெளியே எடுப்பதுதான் அடுத்த ஆபத்து. மேலிருந்து தூக்கினால் சரிந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே மரத்தில் உருளை ஒன்று கடைந்து, மேலே கம்பளித் துணி ஒட்டி, அதன் மேல் வில்லையை இருத்தினேன். வில்லையைத் தொடாமல் பித்தளை வளையத்தை மட்டும் சூடாக்கினேன். சூட்டுக்குப் பித்தளை கண்ணாடியைவிடக் கூடுதலாக விரியும். வளையம் தன் பாரத்திலேயே மெல்லக் கீழே இறங்கியது. வில்லைகள் உருளையின் மேல் மலர்ந்தபடி இருந்தன. பட்டறையில் யாரோ கை தட்டினார்கள்.

நான்கு மேற்பரப்புகளின் வளைவையும் அளந்தேன். அந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையில் பிரபுவைப் பிடித்தேன். பிரபு மதுரைப் பக்கத்துப் பையன். பான் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். கடதாசியைக் கொடுத்தேன். அன்று மாலையே ரெலிபோன் எடுத்தான்.

"அக்கா, நீங்க குடுத்த நம்பர்ஸ் போட்டு கால்குலேட் பண்ணிப் பாத்துட்டேன். இப்ப இருக்கிற மாதிரி வச்சா ஃபோகஸே ஆகாது. முன் லென்ஸ் உல்டாவா இருக்கு."

"திருப்பி வைச்சிட்டினமோ?"

"ஆமாக்கா. கழட்டித் தொடச்சவங்க மாத்திப் போட்டுருக்காங்க. வளைவு ஜாஸ்தியான பக்கம் உள்ள பாத்து இருக்கணும்."

மனதுக்குள் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் சந்தேகத்தை நம்பிக் கை வைக்க ஏலாது; அவனுடைய கணக்கு வந்த பிறகுதான் கை வைத்தேன். இரண்டையும் கழுவி, குவிவில்லையைப் புரட்டி வைத்துப் பூட்டினேன்.

சோதிப்பதற்கு ஒரு நட்சத்திரம் வேண்டும். பகலில் நட்சத்திரம் செய்வதற்கு ஒரு வழி உண்டு. பட்டறைக்குப் பின்னால், ரயில் ஓடாத பழைய பாதை ஒன்று நேராகவும் நீளமாகவும் கிடந்தது. அதன் மறுமுனையில் ஒரு கம்பத்தில் கறுப்புத் துணியைக் கட்டி, நடுவில் ஒரு சின்ன எஃகுக் குண்டை வைத்தால், அதில் பட்டுத் தெறிக்கும் வெயில் தூரத்திலிருந்து நட்சத்திரம்போலவே தெரியும். நாய்களோடு உலாவ வருகிற ஆட்கள் அந்தக் குண்டைப் பிடுங்கிப் பார்க்காமல் இருக்க ஒரு காவல் தேவைப்பட்டது. வெதுப்பகத்தில் விடியற்காலை வேலையை முடித்துவிட்டு வந்த யோகனைத்தான் அங்கே நிறுத்தினேன்.

"என்னப்பா, எல்லாரும் என்னைப் பைத்தியம் எண்டு பாத்துக்கொண்டு போகினம்," என்றார் கைத்தொலைபேசியில்.

"பாத்தால் பாக்கட்டும். குண்டை விட்டு நகராதேங்கோ."

"என்ன காவல் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?"

"நட்சத்திரத்துக்குக் காவல் எண்டு சொல்லுங்கோ."

வில்லையைப் பட்டறையின் சோதனைக் குழாயில் மாட்டி, கண்வில்லையில் கண்ணை வைத்தேன். பால் படிந்த தோற்றம் போய்விட்டிருந்தது. ஒளி ஒரு புள்ளியாகக் குவிந்தது. அங்கேயே குதித்திருப்பேன். ஆனால் குவியத்தை நன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, புள்ளிக்கு ஒரு பக்கம் வால் இருந்தது. விளக்குமாற்றை விரித்ததுபோல ஒரு வால்.

ஹெர் டாமன் அந்த வாரம் பார்க்க வந்தார். பொல்லாத மனிதர் அல்ல. பள்ளிப் பிள்ளைகள் ஜூன் மாதம் எதையாவது தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. அவரும் கண்ணை வைத்துப் பார்த்தார். "முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல், ஃப்ரௌ கந்தையா. ஆனால் நான் சபைக்கு என்ன சொல்லட்டும்? வால் இருக்கிறது, இருந்தாலும் பாருங்கள் என்றா? கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை."

அவர் போன பிறகு என்னோடு வேலை செய்தவர் ஒருவர், கழுவியும் போகாமல் பின்வில்லையில் இருந்த இலேசான மங்கலைக் காட்டி, "ஒரு மணி நேரம் மினுக்கிவிடுங்கள், முடிந்தது," என்றார். கீல் அச்சு மேசையில் தயாராகவே இருந்தது. அன்றைய நாள் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது. கையைக் கழுவிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். மங்கல் இருந்தால் ஒளி எல்லாப் பக்கமும் சமமாகச் சிதற வேண்டும். இந்த வால் ஒரு பக்கம் மட்டும் போகிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் எதுவோ சரிந்து நிற்கிறது. கை காய்ந்துவிட்டது. நான் கீல் பக்கம் போகவில்லை. மறுபடி மர உருளையை எடுத்தேன்.

வளையத்தை இறக்கி, குவிவில்லையைத் தூக்கி, ஓரத்தில் இருந்த மூன்று தாள் துண்டுகளையும் உருப்பெருக்கிக்குக் கீழே வைத்தேன். முதல் முறை கழுவும்போது அவற்றை இருந்த இடத்திலேயே விட்டிருந்தேன். கறுத்துப்போய் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன. இப்போது இடுக்கியால் திருப்பினேன். இரண்டு வெள்ளீயம். மூன்றாவது கடதாசி. அதன் ஒரு விளிம்பில் வரிசையாகப் பற்கள் இருந்தன. தபால் முத்திரையின் ஓரம்.

கழற்றியவர் ஒரு துண்டைத் தொலைத்திருக்கிறார். கைக்கு எட்டிய முத்திரையில் ஒரு மூலையைக் கிழித்து வைத்திருக்கிறார். முத்திரைக் கடதாசி வெள்ளீயத்தைவிடத் தடிப்பு. அந்தத் தடிப்பில் குவிவில்லை ஒரு பக்கம் நிமிர்ந்து நின்றிருக்கிறது. நான் தனியாக இருந்து சிரித்தேன். மருந்துக்கடைக்காரரின் சூரியனை இத்தனை காலம் ஒரு முத்திரை மறைத்து வைத்திருந்ததே.

ஒரே வெள்ளீயத் தாளிலிருந்து மூன்று புதிய துண்டுகள் வெட்டினேன். வைத்தேன். வால் போனது. ஆனால் நட்சத்திரம் முட்டை வடிவமாக இருந்தது. இது எதிர்பார்த்ததுதான். அக்காலத்துக் கைவினைஞர்கள் இரண்டு வில்லைகளையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்து, இரண்டின் குறையும் ஒன்றையொன்று தின்னும் நிலையில்தான் பூட்டுவார்கள். அந்த நிலைக்கு இட்ட அடையாளம் ஓரத்தில் இருந்திருக்கும். கழற்றியவர் ஓரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார். சாயத்தைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஒரு வில்லையைக் கொஞ்சம் திருப்பு, பூட்டு, குழாயில் மாட்டு, பார், கழற்று, மறுபடி திருப்பு. வெயில் அடித்த பகல் முழுவதும் இதே வேலை. மறுமுனையில் யோகன் குடையை விரித்துக்கொண்டு ஒரு வாங்குப் பலகையில் இருந்தார். நாய் வைத்திருக்கும் கிழவர் ஒருவர் அவருக்குச் சிநேகிதமாகி, அவரும் நட்சத்திரத்துக்குக் காவல் இருந்தார்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் மறுபடி பூட்டிக் கண்ணை வைத்தேன். வட்டம். நடுவில் கூர்மையான ஒளிப்பொட்டு. சுற்றிலும் மெல்லிய வளையங்கள், முழு வட்டமாக, நூலில் இழைத்ததுபோல. குவியத்தை உள்ளே தள்ளினால் ஒரு மாதிரி, வெளியே இழுத்தால் அதே மாதிரி. பாடப்புத்தகத்தில்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

தொலைபேசியை எடுத்தேன். யோகனைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா, குண்டு விழுந்திட்டுதோ?" என்றார் யோகன்.

"இல்லை. நீங்கள் வாங்கோ. வந்து பாருங்கோ."

அவருக்கு முந்தி ஹெர் ப்ரூக்னர் வந்துவிட்டார். மனைவி காரில் கொண்டுவந்து விட்டிருந்தார். ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணைக் கண்வில்லையில் வைத்தார். குவியத்தை உள்ளே தள்ளினார், வெளியே இழுத்தார், மறுபடி உள்ளே தள்ளினார். நிமிர்ந்தார். வில்லையைக் குழாயிலிருந்து கழற்றித் துவாயில் சுற்றினார். ஃப்ரௌ வெஸ்ஸெல்ஸின் கார் முற்றத்துக்கு வந்தபோது, ஒற்றைக் கண்ணோடு, படியைக் காலால் தடவித் தடவி, தானே சுமந்துகொண்டு போய் அவருடைய மடியில் வைத்தார். பட்டறையில் எல்லோரும் ஜன்னலோரம் வந்து நின்றிருந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் சபையார் குன்றில் ஏறி, தொலைநோக்கியின் பின்னால் பிடித்த வெள்ளைப் பலகையில் சூரியனைப் பார்த்தார்கள். சின்னக் கரும்புள்ளி ஒன்றும், அதைச் சுற்றியிருந்த சாம்பல் நிழலும்கூடத் தெரிந்தன. ஹெர் டாமன்தான் முதலில் கையை உயர்த்தினாராம். தூணில் பழையதே நின்றது.

ஜூன் மாதத்து அந்தக் காலை, ரைன் பள்ளத்தாக்கு முழுக்க மேகம். ஊரே குன்றில் நின்றது. பள்ளிப் பிள்ளைகள், திராட்சைத் தோட்டத்து ஆட்கள், சக்கரக் கதிரையில் முதியவர்கள், பட்டறைக்காரர்கள், பிரபு, யோகன் எல்லோரும். வெள்ளி சூரியனுக்குள் நுழைகிற நேரம் வந்தது, போனது. பலகை வெறும் சாம்பலாகவே இருந்தது. போன முறை இதே இடத்தில் நின்றவர்களை எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஃப்ரௌ வெஸ்ஸெல்ஸ் பிள்ளைகளுக்குப் பிஸ்கற் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆற்றின் அக்கரையில் முதலில் வெளிச்சம் விழுந்தது. தோட்டத்து வரிசைகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. வெயில் குன்றின் மேல் ஏறி எங்கள் காலைத் தொட்டதும், பலகையில் சூரியன் தட்டுப்போல எழுந்தது. அதன் ஓரத்திலிருந்து சற்று உள்ளே, மை தொட்டு வைத்ததுபோல, துல்லியமான ஒரு கறுப்பு வட்டம்.

சத்தம் குன்றின் அடிவாரம் வரை கேட்டிருக்கும். பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தரித்ததுபோல இருந்தது. எங்கும் ஒரு துளி மங்கல் இல்லை.

மத்தியானம் வரை சனம் வரிசையில் வந்து பார்த்தது. வெள்ளி மறு ஓரத்தை நெருங்கியபோது ஃப்ரௌ வெஸ்ஸெல்ஸ் என்னிடம் வந்தார். அந்தக் காலத்து வான்நோக்குவோர் செய்ததுபோல, கறுப்பு வட்டம் சூரியனின் ஓரத்தை உள்ளிருந்து தொடுகிற கணத்தில் ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். இன்னொருவர் நேரத்தைக் குறிக்க வேண்டும். குறிப்பதற்கு ஹெர் ப்ரூக்னர் மணிக்கூட்டோடு ஒரு மடிப்புக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் குரல் வராது, ஃப்ரௌ கந்தையா. அழுதுவிடுவேன். நீங்கள் சொல்லுங்கள்."

பலகைக்குப் பக்கத்தில் குனிந்தேன். பிள்ளைகள் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். மட்டமான வில்லையில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் வெகுநேரம் கறுப்பு நூல் இழுபடுமாம். தொட்டதா இல்லையா என்று தெரியாதாம். எங்கள் பலகையில் வெளிச்சக் கோடு மெல்லிசாகி, மெல்லிசாகி, மயிராகி, ஒரே கணத்தில் அறுந்தது.

"இப்போது" என்ற பொருளில் டொச்சில் "யெட்ஸ்ட்" என்று கத்த வேண்டும் என்று காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"தொட்டிட்டுது!"

குன்று முழுக்க ஆரவாரம் எழுந்தது. ஹெர் ப்ரூக்னர் முதல் எழுத்துக்கே நேரத்தைக் குறித்துவிட்டார். பிறகு தலையைத் தூக்கி, "என்ன சொன்னீர்கள்?" என்றார். பிரபு சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான். பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். "தொட்டித்துது, தொட்டித்துது" என்று தோட்டத்து வரப்பெல்லாம் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

வெள்ளி முழுவதும் வெளியேறச் சற்று நேரம் ஆனது. சூரியனின் ஓரத்தில் கடித்ததுபோல இருந்த பள்ளம் சிறுத்துக்கொண்டே வந்தபோது, ஒரு சின்னப் பெண் என் சட்டையை இழுத்து, இனி எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். "போய்விட்டது" என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற சொல்லை அவளுடைய காதில் சொன்னேன். அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள். அது கூட்டம் முழுக்கப் பரவியது. ஹெர் டாமன் இரண்டு முறை சொல்லிப் பார்த்ததை நானே கேட்டேன்.

பள்ளம் கீறலாகி, கீறல் இல்லாமல் போனது. சூரியன் முழுதாக நின்றது. ட்ராம் ஓட்டுநரும், சபைக்காரரும், ஒற்றைக் கண்ணால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மைஸ்ரரும், பள்ளிப் பிள்ளைகளும், அந்த ஊர்ச் சனம் அத்தனையும் ஒரே குரலில் யாழ்ப்பாணத் தமிழில் கத்தினார்கள்:

"போட்டுது!"